ராணி அழுதாளா, பேரம் பேசினாளா? இடைக்கால ஸ்பெயின் பற்றி ஓர் இழை

வாசகர் கேள்வி, 6 ஜனவரி

இடைக்கால ஸ்பானிய நூல்களில் ராணிக்கு ஒரே வேலைதான். ராஜா கோபத்தில் யாரையோ கொல்லப் போவார். ராணி ஓடிவந்து காலில் விழுவாள், அழுவாள். ராஜா மனம் இரங்குவார். மன்னித்த பெருமை ராஜாவுக்கு. சமாதானத்தில் ராணிக்கு இதைத் தாண்டி ஒரு வேலை இருந்ததாக எந்த நூலாவது சொல்கிறதா? இருந்தால் காட்டுங்கள்.

6 ஜனவரி, இரவு 9.10

இருக்கிறது. 1230 டிசம்பரைப் பாருங்கள். அப்போது லியோனும் காஸ்டீலும் தனித்தனி நாடுகள்.

லியோன் நாட்டு அரசர் ஒன்பதாம் அல்ஃபோன்சோ அந்த செப்டம்பரில் இறந்துபோகிறார். அவருக்கு இரண்டு திருமணம். இரண்டையுமே நெருங்கிய ரத்த உறவு என்று சொல்லி போப் ரத்து செய்துவிட்டார். முதல் மனைவி போர்த்துகலின் தெரேசா. அவருக்கு சான்சா, துல்சே என்று இரண்டு பெண்கள். இரண்டாவது மனைவி காஸ்டீல் நாட்டின் பெரெங்கேலா. அவர் மகன் ஃபெர்னாந்தோ அதற்குள் காஸ்டீலுக்கு அரசராகிவிட்டார். அப்பாவுக்கும் மகனுக்கும் ஆகவில்லை. நாட்டை மகள்களுக்கு எழுதிவைத்துவிட்டு அப்பா போய்ச் சேர்ந்தார்.

இனி என்ன நடக்கும்? போர்தான். ஃபெர்னாந்தோ தெற்கே ஹாயென் நகர் முற்றுகையை விட்டுத் திரும்பி வருகிறார். வழியிலேயே அம்மா வந்து சந்தித்து, ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் லியோனுக்குப் போ என்கிறார். பிரபுக்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள்.

அப்போது தெரேசாவிடமிருந்து தூது வருகிறது. மகனை லியோன் நகரில் இருத்திவிட்டு பெரெங்கேலா தான் மட்டும் கிளம்புகிறார். இன்று வலென்சியா தெ தோன் ஹுவான் என்று அழைக்கப்படும் ஊர் (கடற்கரை வலென்சியா வேறு). லொர்வாவ் மடத்தில் இருந்த தெரேசா அங்கே வருகிறார். ஒரே ஆளைக் கட்டி, ஒரே காரணத்துக்காகப் பிரிக்கப்பட்ட இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவருக்கு மகன், ஒருவருக்கு மகள்கள். டிசம்பர் 11 அன்று பெனவெந்தேயில் ஒப்பந்தம் எழுதப்படுகிறது. மகள்கள் லியோன் மீதான உரிமையை விட்டுக்கொடுக்கிறார்கள். பதிலுக்கு ஆண்டுக்கு 30,000 பொன் மராவெதி, ஆயுள் முழுக்க.

காஸ்டீலும் லியோனும் இணைந்தது அந்த நாளில்தான். இதைச் சொல்பவர் தொலேதோ பேராயர் ஹிமேனெஸ் தெ ராதா, 1243-ல் முடித்த லத்தீன் வரலாற்று நூலில். காலில் விழுந்தது யாரும் இல்லை.

7 ஜனவரி, காலை

“இது சரித்திரம், நான் கேட்டது இலக்கியம்” என்று பதில் வந்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அந்தக் கோட்டை எங்கே போடுவீர்கள்? பத்தாம் அல்ஃபோன்சோ எழுதவைத்த ‘எஸ்தோரியா தெ எஸ்பாஞா’ நாளாகமத்தை (அரசர்களின் காலவரிசை வரலாறு) எடுத்துக்கொள்ளுங்கள். அது பாணர்கள் பாடிய வீரகாவியங்களை உரைநடையாக மாற்றி உள்ளே சேர்த்துக்கொண்ட புத்தகம். லாராவின் ஏழு இளவரசர்கள் கதை இன்று நமக்குக் கிடைப்பதே அந்த உரைநடை வழியாகத்தான். நாளாகமம் எழுதியவர்கள் காட்சி அமைத்தார்கள், வசனம் எழுதினார்கள், யாரை நல்லவராகக் காட்டுவது என்று யோசித்து எழுதினார்கள். அது இலக்கியம் இல்லாமல் வேறென்ன?

ஆனால் ஒன்று. லூகாஸ் தெ தூய் தன் உலக வரலாற்றை எழுதியதே பெரெங்கேலா கேட்டுக்கொண்டதால்தான். ராதாவும் அரண்மனைக்கு மிக நெருக்கமானவர். அதனால் பெரெங்கேலாவைப் புகழும் இடங்களைப் படிக்கும்போது பணம் கொடுத்தது யார் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

7 ஜனவரி, இரவு

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். அந்த சான்சாவும் துல்சேயும் மனதை விட்டுப் போகவில்லை. அப்பா எழுதிவைத்த நாடு அவர்களுடையது. மேசையில் உட்கார்ந்து பேசியவர்கள் இரண்டு அம்மாக்கள். பெண்களுக்குப் பென்ஷன் கிடைத்தது, பையனுக்கு நாடு கிடைத்தது. போர் நடந்திருந்தால் ஆயிரக்கணக்கில் செத்திருப்பார்கள் என்பது உண்மை. இதைச் சமாதானம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்களின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் சொல்லவேண்டும்.

இன்னொன்று. பெரெங்கேலா தானே அப்படி ஒரு விலையாக இருந்தவர். காஸ்டீலுக்கும் லியோனுக்கும் சண்டை தீரவேண்டும் என்று 1197-ல் அவரை அல்ஃபோன்சோவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த யோசனைக்குத் தன் கணவரை இணங்கவைத்தவர் பெரெங்கேலாவின் அம்மா லெயோனோர் என்கிறார் ராதா. 1204-ல் திருமணம் ரத்து, பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு. இந்தப் பேச்சுவார்த்தை எப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததில் ஆச்சரியமே இல்லை.

9 ஜனவரி

“ராணிக்கு எங்கிருந்து அந்த அதிகாரம்?” என்று கேட்டவருக்கு.

எங்கள் பெரியம்மாவை நினைத்துக்கொள்கிறேன். அப்பா வழித் தாத்தா போனபிறகு நிலப் பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிகள் பேச்சே நின்றுவிட்டது. பெரியம்மா இந்த வீட்டு மருமகள். எதிர்க்கட்சியாக நின்ற சித்தப்பா கட்டியிருந்தது அவருடைய சொந்தத் தங்கையை. இரண்டு வீட்டிலும் சமையலறை வரை போகக்கூடிய ஒரே ஆள் அவர்தான். வாய்க்கால் ஓரத்து நிலத்தைத் தன் பங்கிலிருந்து விட்டுக்கொடுத்துத்தான் காரியத்தை முடித்தார். அப்புறம் இரண்டு வீட்டிலும் அவரைக் கொஞ்சம் சந்தேகமாகவே பார்த்தார்கள். “அங்க போய் என்ன சொன்னா?” என்பார்கள்.

ராணிகளின் நிலை இதுதான். அரச குடும்பத்தில் பெண் எடுப்பது பெரும்பாலும் எதிரி வீட்டில். அவளுக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே சமயத்தில் சொந்தம். சண்டை வந்தால் அவள் அண்ணனும் அவள் கணவனும்தான் எதிரெதிரே நிற்பார்கள். அவளால் பேசமுடிவதற்கும் அதுவே காரணம், இரண்டு பக்கமும் அவளை முழுசாக நம்பாததற்கும் அதுவே காரணம்.

9 ஜனவரி, பின்னிரவு

சின்னக் குறிப்பு. லியோன், காஸ்டீல் இரண்டையும் ஆண்ட முதலாம் ஃபெர்னாந்தோ 1065-ல் இறக்கும்போது நாட்டை மூன்று மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அம்மா சான்சா 1067 நவம்பரில் இறந்தார். சகோதரர்களின் முதல் பெரிய போர் 1068-ல். அம்மா கண்மூடும் வரை காத்திருந்தார்கள் என்றுதான் அந்த ஆண்டுகளைப் படிக்கத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு அக்கா உர்ராகா வருகிறார். 1072-ல் கோல்பெஹேரா போரில் தம்பி அல்ஃபோன்சோ அண்ணன் சான்சோவிடம் சிறைப்படுகிறான். அவனைக் கொல்லாமல் சாஆகுன் மடத்தில் துறவியாக விடும்படி உர்ராகா பேசி முடிக்கிறார் என்கிறது நாளாகமம். துறவி அங்கிருந்து தப்பி, தொலேதோவின் முஸ்லிம் அரசரிடம் அடைக்கலம் போனான். அதே ஆண்டு அக்டோபரில், உர்ராகாவின் சமோரா நகரை முற்றுகை போட்டிருந்த சான்சோ கொல்லப்பட்டான். உர்ராகாவைச் சமாதானக்காரர் என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். அவர் ஒரு கட்சியில் இருந்தார்.

12 ஜனவரி

நான்காம் சான்சோவின் ராணி மரியா தெ மோலினா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இவரைப் பற்றி நீளமாக எழுதாமல் என்னால் இருக்கமுடியாது.

முதலில் 1288 ஜூன், அல்ஃபாரோ. அரசர் நான்காம் சான்சோ, அவையில் லோபே தியாஸ் தெ ஆரோ என்ற பெரும் பிரபுவோடு வாக்குவாதம். கத்தி உருவப்படுகிறது. லோபே அங்கேயே வெட்டிக் கொல்லப்படுகிறார். அரசரின் சொந்தத் தம்பி ஹுவான், லோபேவின் கட்சி. அவரும் கத்தியை வீசிவிட்டு ஓடுகிறார். எங்கே ஓடுகிறார்? அண்ணி மரியாவின் அறைக்கு. அரசர் வாளோடு பின்னாலேயே வருகிறார். மரியா குறுக்கே நின்று தடுத்ததால்தான் ஹுவான் பிழைத்தார் என்கிறது நாளாகமம்.

இதுவரை நீங்கள் சொன்ன மாதிரிக் காட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ராஜா கோபம், ராணி தடை. ஆனால் ஏழு ஆண்டு கழித்துப் பாருங்கள். 1295-ல் சான்சோ இறக்கிறார். மகன் நான்காம் ஃபெர்னாந்தோவுக்கு ஒன்பது வயது. மரியாவின் திருமணத்துக்கு போப்பின் அனுமதி இல்லாததால் பையன் முறையான வாரிசே இல்லை என்று கிளம்புகிறார்கள். அதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் யார்? உயிர்ப்பிச்சை வாங்கிப் போன அதே ஹுவான். லியோனுக்குத் தானே அரசர் என்று முடிசூட்டிக்கொள்கிறார். போர்த்துகலும் அரகோனும் எல்லை தாண்டி வருகின்றன.

மரியாவின் பதில் என்ன? வயாதோலித் நகரில் பிரதிநிதி சபை கூடும்போது, இந்த ராணி பிள்ளை பிறந்தால்கூட வரி போடப்போகிறாள் என்று வதந்தி கட்டிவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் கதவைத் திறக்க மறுக்கிறார்கள். ராணி நகரக் கதவுக்கு வெளியே மணிக்கணக்கில் நிற்கிறார். உள்ளே போனதும் ஊர்ப் பிரதிநிதிகளைத் தன் பக்கம் திருப்புகிறார். 1297 செப்டம்பரில் அல்கஞீசெஸ் ஒப்பந்தம். போர்த்துகல் அரசர் தினீஸோடு எல்லை முடிவாகிறது, பிள்ளைகளுக்குள் இரட்டைத் திருமண ஏற்பாடு. அந்த எல்லைக்கோடு பெரும்பாலும் இன்றுவரை நிற்கிறது. 1300-ல் ஹுவான் அதே வயாதோலித் சபையில் தன் உரிமையைக் கைவிட்டு, அண்ணன் மகனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கிறார். 1301-ல் போப் எட்டாம் பொனிஃபாஸ் திருமணத்தை அங்கீகரிக்கிறார்.

இதில் எதையும் கண்ணீரால் வாங்கியிருக்கமுடியாது. பணம் வேண்டியிருந்தது. பிரபுக்களுக்கு ஊர் கொடுக்கவேண்டும், படிப்பணம் கொடுக்கவேண்டும். கொடுத்ததும் அவர்கள் கட்சி மாறுவார்கள், மறுபடி கொடுக்கவேண்டும். என்னை மிகவும் தொட்ட இடம் இதற்குப் பிறகு வருவது. ஹுவானும் ஹுவான் நூஞெஸ் தெ லாராவும் வளர்ந்த பையனிடம் போய், உன் அம்மா பணத்தைக் கையாடிவிட்டாள், கணக்குக் கேள் என்கிறார்கள். மகன் கேட்கிறான்! ராணியின் கணக்கை வைத்திருந்த சாந்தாந்தேர் மடத்தலைவர் நூஞோ ஏட்டைக் கொண்டுவந்து விரிக்கிறார். கையாடல் எதுவும் இல்லை. ராணி தன் நகைகளை விற்றுச் செலவழித்ததுதான் தெரியவருகிறது. குடிப்பதற்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் மட்டும் மிச்சம், சாப்பிடுவது மண் சட்டியில் என்று நாளாகமம் எழுதுகிறது.

அந்த மண் சட்டி எழுத்தாளர் வைத்த காட்சியாகவும் இருக்கலாம். இருக்கட்டும். ஒரு ராணியின் பெருமையைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்தது வரவுசெலவு ஏட்டையும் மண் சட்டியையும் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

13 ஜனவரி

“மகன் மன்னிப்புக் கேட்டானா?” நாளாகமத்தில் அப்படி ஒரு காட்சி வருவதாக எனக்கு நினைவில்லை. அவன் 1312-ல் இருபத்தாறு வயதில் செத்தான். அப்புறம் ஒரு வயது பேரனுக்காக மரியா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். 1321-ல் இறக்கும் வரை ஓயவில்லை.

15 ஜனவரி

கன்னி மரியாளை விட்டுவிட்டேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். பரலோக ராணி இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. அந்தக் காலத்து ஆளுக்குப் பரிந்து பேசுபவர் என்றதுமே ஞாபகம் வருவது அவர்தான்.

ஆனால் கவிஞர் பெர்சேயோவின் ‘நம் அன்னையின் அற்புதங்கள்’ படித்துப் பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டு, இருபத்தைந்து கதைகள். அதில் ஒரு சாதுப் பாதிரியார். அவருக்குத் தெரிந்தது அன்னையின் பூசை ஒன்றே ஒன்று, தினமும் அதையே செய்கிறார். ஆயர் அவரைக் கூப்பிட்டு, கெட்ட வார்த்தையில் திட்டி, இனி பூசை வைக்கக்கூடாது என்று விரட்டுகிறார். அவர் அன்னையிடம் போய் அழுகிறார். அன்னை ஆயருக்கு முன் தோன்றுகிறார். கெஞ்சவில்லை. என் பூசையைச் செய்கிறவனை நீ எப்படித் தடுப்பாய், நாளைக்கே அவனை மறுபடி பூசைக்கு விடாவிட்டால் முப்பதாம் நாள் நீ செத்துப்போவாய் என்கிறார். ஆயர் நடுங்கிப்போய்ப் பாதிரியாரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறார், உடைக்கும் செருப்புக்கும் தன் செலவு என்கிறார்.

பரிந்து பேசுவது என்றால் மென்மையாகத்தான் பேசவேண்டும் என்று யார் சொன்னது?

18 ஜனவரி

எதுவும் பேசமுடியாமல் போன ஒருவரைப் பற்றி.

1358 மே, செவீயா. காஸ்டீல் அரசர் பெத்ரோ, தன் அப்பாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த சகோதரர் ஃபத்ரீகேயைக் கொல்ல முடிவு செய்திருக்கிறார். ஃபத்ரீகேவுக்குத் தெரியாது. அரண்மனைக்கு வந்து அரசரைப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு மரியா தெ பதீயாவையும் பார்க்கப் போகிறார். பெத்ரோவின் காதலி அவர். பின்னால், இறந்தபிறகு, 1362-ல் ராணி என்று அறிவிக்கப்பட்டவர். அவருக்கு விஷயம் தெரியும். வாயைத் திறக்கமுடியாது. ஃபத்ரீகேயைப் பார்த்ததும் யாருக்கும் புரிகிற அளவுக்கு முகத்தில் துக்கத்தைக் காட்டினார் என்று எழுதுகிறார் நாளாகமக்காரர் லோபெஸ் தெ அயாலா. நல்ல பெண், நல்ல புத்தி உள்ளவர், அரசர் செய்யும் சில காரியங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை என்றும் சேர்க்கிறார்.

ஃபத்ரீகேவுக்குப் புரியவில்லை. முற்றத்துக்குப் போனால் அவர் கோவேறு கழுதைகள் இல்லை, கதவுகள் சாத்தியிருக்கின்றன. கொஞ்ச நேரத்தில் கதாயுதங்களால் அடித்துக் கொல்லப்படுகிறார்.

அயாலா பெத்ரோவை விட்டுவிட்டு எதிர்க்கட்சிக்குப் போனவர். அப்படியும் பெத்ரோவின் காதலிக்கு இந்த ஒரு வரி நியாயம் செய்தார். ராணியின் பேச்சுக்கு எடை இருப்பது ராஜா கேட்கக்கூடியவராக இருக்கும்வரைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான பக்கம் நான் படித்ததில்லை.

22 ஜனவரி

இன்று எழுதப்போகும் மரியா வேறு (இந்த நாட்டில் எல்லாரும் மரியா, எல்லாரும் ஹுவான்). காஸ்டீல் அரசர் இரண்டாம் ஹுவானின் அக்கா, அரகோன் அரசர் ஐந்தாம் அல்ஃபோன்சோவின் மனைவி.

1429 கோடை. அல்ஃபோன்சோவும் அவர் தம்பி, நவாரா அரசர் ஹுவானும் படையோடு காஸ்டீலுக்குள் நுழைகிறார்கள். எதிரே அல்வாரோ தெ லூனா தலைமையில் காஸ்டீல் படை, கோகொயூதோ பக்கம். விடிந்தால் சண்டை. கணவர் ஒரு பக்கம், தம்பியின் தளபதி மறுபக்கம். மரியா ராணிக்குரிய பயணமாக மெதுவாக வரவில்லை, தபால்காரன் வேகத்தில் வந்து சேருகிறார். லூனாவிடம் ஒரு கூடாரம் கேட்டு வாங்கி, இரண்டு படைக்கும் நடுவே அடிக்கச் சொல்லி, அதில் உட்கார்ந்துவிடுகிறார்! போப்பின் தூதரான கார்டினல் ஃபுவா ஏற்கெனவே இரண்டு பக்கமும் அலைந்துகொண்டிருந்தார். ராணி வந்தபிறகுதான் அரகோன் படை திரும்பிப் போனது.

போர் அதோடு முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர் வாங்கிக்கொடுத்த உறுதிகளை அவர் தம்பி, காஸ்டீல் அரசர், ஏற்கவில்லை. எல்லையில் சண்டை தொடர்ந்தது, 1430 ஜூலையில் மஹானோவில்தான் போர்நிறுத்தம். ஆனால் அந்த ஒரு நாள், அந்த மைதானத்தில் யாரும் சாகவில்லை.

இப்போது இதே மரியாவைக் கவிதையில் பாருங்கள். 1435 ஆகஸ்டில் பொன்சா தீவருகே கடற்போர். ஜெனோவாக்காரர்கள் அல்ஃபோன்சோவையும் இரண்டு தம்பிகளையும் சிறைபிடிக்கிறார்கள். அதை வைத்து சாந்தியானா பிரபு ‘கொமெதியேத்தா தெ பொன்சா’ என்று நூற்றிருபது பாடல்கள் எழுதினார். நான்கு பெண்கள் வருகிறார்கள்: தாய் லெயோனோர், மரியா, நவாரா ராணி பிளாங்கா, இன்னொரு தம்பி என்ரீகேயின் மனைவி கதலீனா. இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சோவே வந்து துக்கம் கேட்கிறார். பெண்கள் புலம்புகிறார்கள். விதி என்ற தேவதை வந்து எல்லாம் சரியாகும் என்கிறாள். அழகான கவிதை, எனக்குப் பிடிக்கும்.

அந்த மாதங்களில் நிஜ மரியா என்ன செய்துகொண்டிருந்தார்? கணவரை மீட்கப் பணம் வேண்டும் என்று மொன்சோனில் பிரதிநிதி சபையைக் கூட்டினார். அடுத்த இருபது ஆண்டுக்கு மேல் இத்தாலியை விட்டு வராத கணவருக்காக நாட்டை நடத்தினார்.

கேள்வி கேட்டவர் கவனிக்கவேண்டிய இடம் இது. அழுகிற ராணி எங்கிருந்து வருகிறாள்? சோகக் கவிதையின் இலக்கணத்திலிருந்து வருகிறாள். கூடாரத்தைப் பதிவு செய்தவர்கள் நாளாகமக்காரர்கள், கண்ணீரைப் பதிவு செய்தவர் கவிஞர்.

23 ஜனவரி

நேற்றைய கடைசி வரியில் கொஞ்சம் அவசரம் இருக்கிறது. கவிஞர்கள் எல்லாரும் அப்படி இல்லை. ‘மொசெதாதெஸ் தெ ரொத்ரீகோ’ என்ற 14-ஆம் நூற்றாண்டுக் காவியத்தில் ஹிமெனா வருகிறாள். ராணி இல்லை, ஒரு பிரபுவின் மகள். ரொத்ரீகோ, அதாவது பின்னாளில் சித் என்று புகழ்பெற்ற வீரன், அவள் அப்பாவைக் கொன்றுவிடுகிறான். நியாயம் கேட்டு வருகிறாள். தண்டித்தால் காஸ்டீல் கிளர்ந்தெழுமே என்று அரசர் தவிக்கிறார். நாட்டை அமைதிப்படுத்த நான் வழி சொல்கிறேன், அந்த ரொத்ரீகோவையே எனக்குக் கணவனாகக் கொடுங்கள் என்கிறாள். அரசருக்கே தோன்றாத யோசனை. ரத்தப்பழியை நிறுத்த அவளிடம் இருந்தது அவள் மட்டும்தான், அதைக் கொடுக்கிறாள். முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அவள் மேல் மரியாதையும் வருகிறது, கோபமும் போகவில்லை.

27 ஜனவரி

கொஞ்சம் விலகிப் போகிறேன், நம் ஊர்ப் பக்கம் வருகிற விஷயம் என்பதால்.

1251-ல் அரபியிலிருந்து காஸ்டீல் மொழிக்கு வந்த ‘கலீலா எ திம்னா’ நம் பஞ்சதந்திரத்தின் பேரப்பிள்ளை. அதில் பஞ்சதந்திரத்தில் இல்லாத, வேறு இந்திய மூலத்திலிருந்து போன ஓர் அத்தியாயம் உண்டு. அரசன் கெட்ட கனவு காண்கிறான். அவன் மேல் பழைய பகை உள்ள பிராமணர்கள், ராணி, மகன், மந்திரி எல்லாரையும் கொன்றால்தான் பரிகாரம் என்கிறார்கள். அரசன் யாரிடமும் பேசாமல் சுருண்டு கிடக்கிறான். மந்திரி ராணியிடம் போய், நீங்கள் போனால்தான் வாய் திறப்பார் என்கிறான். ராணி போகிறாள், பேச்சுக் கொடுத்து விஷயத்தை வாங்குகிறாள், அவசரப்படாதீர்கள், அந்தக் கிழ ஞானியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறாள். கனவெல்லாம் நல்ல சகுனம் என்று தெரியவருகிறது.

அதோடு முடிந்தால் நல்ல பிள்ளைக் கதை. முடியவில்லை. இன்னொரு நாள் அரசன் வேறொரு மனைவியைப் புகழ்ந்து பேச, அதே ராணி கையில் இருந்த தட்டுச் சோற்றை அப்படியே அவன் தலையில் கவிழ்க்கிறாள். சோறு முகத்தில் வழிகிறது. கொல்லுங்கள் இவளை என்கிறான். மந்திரி கொல்லாமல் ஒளித்துவைக்கிறான். அரசன் அழுது தீர்த்தபிறகு கூட்டிவருகிறான்.

சமாதானம் செய்கிறவளுக்கும் கோபம் வரும் என்று அந்தக் கதை சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அப்புறம், அந்தத் தடவை அவளுக்காக நடுவில் நின்றவன் மந்திரி.

2 பிப்ரவரி

இப்போது கேள்வி கேட்டவருக்கு நியாயம் செய்கிறேன். அவர் சொன்ன ராணி நிஜமாகவே இருக்கிறாள். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த காதல் நாவல்களில் பாருங்கள்.

தியேகோ தெ சான் பெத்ரோவின் ‘காதல் சிறை’, செவீயாவில் 1492-ல் அச்சானது. பொய்ச் சாட்சியை நம்பி அரசர் மகள் லௌரேயோலாவுக்கு மரண தண்டனை விதிக்கிறார். கார்டினல் கெஞ்சுகிறார், பலிக்கவில்லை. தாயான ராணியாலும் அவர் மனதை மாற்றமுடியவில்லை. அவளுக்கு மிஞ்சுவது மகளிடம் போய் அழுவதுதான். கடைசியில் காதலன் ஆயுதத்தோடு வந்துதான் அவளை மீட்கிறான். ஆனால் ஒன்று: கேள்வியில் சொன்னதுபோல ராஜா இங்கே இரங்கவில்லை. ராணி கேட்டும் நடக்கவில்லை என்பதுதான் கதைக்கே தேவை.

ஹுவான் தெ ஃப்ளோரெஸின் ‘கிரிசெல், மிராபெய்யா’ கதை இன்னும் கடுமை. அங்கும் ஓர் அரசர், மகளுக்குத் தண்டனை, ராணியின் மன்றாட்டு, மறுப்பு. காதலன் தீயில் குதிக்கிறான், மகள் சிங்கங்கள் இருக்கும் முற்றத்தில் விழுந்து சாகிறாள். பெண்களுக்கு எதிராக வழக்காடி அந்தத் தீர்ப்பை வாங்கிக்கொடுத்தவன் தொர்ரேயாஸ். ராணியும் தோழிகளும் அவனைத் தந்திரமாக வரவழைத்து, கட்டிப்போட்டு, நகத்தாலும் பல்லாலும் பிய்த்துக் கொல்கிறார்கள். சாம்பலைச் சின்னப் பெட்டிகளில் அடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

படிக்கவே முடியாத பக்கம் அது. பெண்களை எவ்வளவு கொடியவர்களாகக் காட்டுகிறான் பார் என்று சிலர் வாசிப்பார்கள். நான் அதற்கு முந்தைய பக்கத்தையும் சேர்த்து வாசிக்கிறேன். அவள் முதலில் கேட்டாள், கேட்ட முறை சரியாக இருந்தது, கேட்கவேண்டியவர் கேட்கவில்லை.

3 பிப்ரவரி

“நாவல்களில் மட்டும் ஏன் ராணி தோற்கிறாள்?” அயாலாவின் பக்கத்தைப் பார்த்தால் நாவலில் மட்டும் இல்லை. ஆனால் அந்த அரசர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கவனியுங்கள். சட்டம் சட்டம்தான், மகளுக்காக வளைத்தால் என்ன நீதி என்று பேசுகிறவர்கள். நீதி வளையாது என்று ஒருவர் முடிவு செய்தபிறகு நடுவில் நிற்க இடமே கிடையாது. அந்த நாவலாசிரியர்கள் பயந்தது அந்த வகை அரசனைப் பார்த்துத்தான் என்று எனக்குப் படுகிறது.

10 பிப்ரவரி

கடைசியாகக் காஸ்டீல் அரசி இசபெல்.

அவர் அரசியாவதற்கு முன், 1468-ல், மார்த்தின் தெ கோர்தோபா என்ற துறவி அவருக்காக ‘உயர்குலக் கன்னியரின் தோட்டம்’ என்று ஒரு நூல் எழுதினார். பெண்ணை இறைவன் படைத்ததற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, சண்டையிடுபவர்களுக்குள் சமாதானம் உண்டாக. அரசி மக்களுக்குத் தாய், வழக்கறிஞர், கேடயம் என்கிறார். இசபெல் பிறகு எவ்வளவு போர் நடத்தினார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு தடவை அந்தத் துறவி சொன்னதை அப்படியே செய்தார்.

1475-லிருந்து வாரிசுப் போர். ஒரு பக்கம் இசபெல். மறுபக்கம் அவர் அண்ணன் மகள் ஹுவானாவும், அவளுக்கு மணம் பேசிய போர்த்துகல் அரசரும். 1479 மார்ச்சில் எல்லைப்புற அல்கான்தராவில் இசபெல் ஒரு பெண்ணைச் சந்திக்கிறார். அவர் பெயத்ரீஸ், இசபெலின் அம்மாவுடைய தங்கை, போர்த்துகல் இளவரசரின் மாமியார். சித்தியும் அக்கா மகளும் நாள்கணக்கில் பேசுகிறார்கள். அங்கே போட்ட அடித்தளத்தின் மேல் செப்டம்பர் 4 அன்று அல்காசோவாஸ் ஒப்பந்தம். கனேரித் தீவுகள் காஸ்டீலுக்கு, கினி கடற்கரையும் அசோர்ஸும் மதீராவும் போர்த்துகலுக்கு. இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் பிணையாக மூரா ஊரில் பெயத்ரீஸின் பொறுப்பில் வைப்பது என்றும் முடிவு. பெரெங்கேலா, தெரேசா சந்திப்புக்கு இருநூற்றைம்பது ஆண்டு கழித்து அதே முறை.

அதே விலையும்கூட. மேசையில் இல்லாத ஹுவானாவுக்குக் கொடுக்கப்பட்ட தேர்வு இரண்டு. இசபெலின் கைக்குழந்தை மகன் வளரும் வரை காத்திருந்து அவனைக் கட்டிக்கொள்வது, இல்லையென்றால் மடம். அவளுக்குப் பதினேழு வயது. மடத்துக்குப் போனாள்.

போர் தொடங்கிய 1475 மே மாதத்தில், பதின்மூன்று வயதில், ப்ளசென்சியாவிலிருந்து அவள் பெயரில் மத்ரித் நகருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. அரசி யார் என்பதை நாட்டின் மூன்று பிரிவினரும் (குருமார், பிரபுக்கள், நகரத்தார்) கூடிச் சட்டப்படி தீர்மானிக்கட்டும், போர் வேண்டாம் என்று அதில் கேட்டிருக்கிறாள். பெரியவர்கள் எழுதிக்கொடுத்ததாகத்தான் இருக்கும். அப்படியே இருந்தாலும், இந்த இழையில் நான் சொன்ன அத்தனை ராணிகளிலும் சண்டை மூள்வதற்கு முன்பே, தன் உரிமையையே தீர்ப்புக்கு விடுகிறேன் என்று சொன்ன கடிதம் இது ஒன்றுதான். இசபெல் தரப்பு அதை எடுத்துக்கொள்ளவே இல்லை.